படுவான்கரைக்குப் போன வோக்கி டோக்கி

பாதை நடு வாவியில் போய்க்கொண்டிருந்தபோது என் மகள் தன் செருப்பில் ஒன்றைக் கழற்றித் தண்ணீரில் போட்டாள். தவறி விழவில்லை. மிதக்குமா என்று பார்க்கத்தான் போட்டாள். மிதக்கவில்லை. உடனே அழத் தொடங்கினாள்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் தெரு மட்டுமல்ல. மிதவைகளின் மேல் பலகை அடித்து, வாவியைக் கடப்பதற்காக விட்டிருக்கும் தட்டையான ஓடத்துக்கும் அதுதான் பெயர். சைக்கிள், மோட்டார் சைக்கிள், உரமூட்டை, ஆடு, ஆட்கள் எல்லாம் ஒன்றாக ஏறிக்கொள்ளலாம். அன்று எங்களோடு நாலைந்து ஆடுகள் ஏறியிருந்தன. அவற்றில் ஒன்று என் மகன் அகிலனின் தொப்பியின் விளிம்பைக் கடித்துக்கொண்டிருந்தது. அவன் அதைத் தடுக்கவில்லை. கொழும்பில் இறங்கியதிலிருந்து கேட்டுவந்த ஒரே கேள்வியை அப்போதும் கேட்டான்.

"அம்மா, எப்ப வீட்ட போறம்?"

அகிலனுக்கு எட்டு வயது. செருப்பைப் போட்ட மயூரிக்கு ஐந்து. இருவரும் சுவிசில் பிறந்தவர்கள். இரண்டு பெட்டி, ஒரு பால்மாப் பை, நுளம்புக்குப் பூசும் மருந்து, ஒற்றைச் செருப்புப் பிள்ளை ஒன்று. இவ்வளவோடும் நான் தனியாக என் கணவரின் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் கணவர் வரவில்லை. அவர் கையில் இருந்த அகதிக் கடவுச்சீட்டில் உலகத்தின் எல்லா நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போகமுடியாது. அதனால் அவர் அங்கே இருந்துகொண்டு தொலைபேசியில் எங்களை நடத்தினார். வட்டை என்கிற வயல்வெளியைக் காட்டு, வாய்க்காலில் குளிக்க விடு, தயிர் வாங்கிக் கொடு. தினமும் ஒரு கட்டளை.

சூரியன் படுகிற கரை

சுனாமி வந்துபோய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கிழக்கில் சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. வடக்கில் முடியவில்லை. முடிந்துவிட்டது என்று சொன்ன இடத்திலும் மண்மூட்டைகளும் முட்கம்பியும் அப்படியே இருந்தன. யார் எந்தப் பக்கம், யார் யாரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று தெரியாத காலம்.

நான் புளியந்தீவில் பிறந்து வளர்ந்தவள். வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம் இருக்கும் படுவான்கரைக்கு நான் அதற்கு முன் இரண்டொரு தடவைதான் போயிருப்பேன். வயலும் குளமும் காடும் அந்தப் பக்கம். சண்டை நடந்ததும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

"சின்னப் புள்ளயளையும் கொண்டு அங்க என்னத்துக்குப் போறாய்?" என்று நாவற்குடாவில் என் அம்மா கேட்டார். "பூமணியை இஞ்ச வரச்சொல்லு. அவ வருவா."

வருவார். அதனால்தான் நான் போகவேண்டியிருந்தது.

தொலைபேசி எடுபடாத நாள்

பூமணி மச்சாள் என் கணவரின் மூத்த சகோதரி. கடல் வந்த அன்று சுவிசில் நாங்கள் இருந்த ஊரில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. நத்தார் பண்டிகைக்கு அடுத்த நாள். நானும் கணவரும் தொலைக்காட்சியைப் பார்த்தபடி நாவற்குடாவுக்கு அழைத்துக்கொண்டே இருந்தோம். அகிலன் அப்போது சின்னப் பிள்ளை. மயூரி கைக்குழந்தை. பால் புளித்து, பாண் கருகி, இரவாகியும் ஒருவரும் தொலைபேசியை எடுக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை.

அதற்கடுத்த நாள் யாரோ ஒருவருடைய தொலைபேசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சுகந்தி, உன்ட அம்மா என்னோட நிக்கிறா. கால்ல காயம். வேற ஒண்டுமில்ல. காசு முடியப்போகுது, வைக்கிறன்."

எல்லோரும் கடலைவிட்டு மேற்கே ஓடிக்கொண்டிருந்தபோது, மச்சாள் வாவியைக் கடந்து கிழக்கே வந்திருக்கிறார். ஆட்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடம், கோயில், ஆசுபத்திரி என்று ஒவ்வொன்றாய்த் தேடி, கடைசியில் ஒரு வகுப்பறையின் மூலையில் அம்மாவைக் கண்டுபிடித்திருக்கிறார். மாசக்கணக்கில் தன் வீட்டில் வைத்துப் பார்த்தார். ஒருநாளும் அதை அவர் எனக்குச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் ஒரு நன்றிக் கடிதத்தோடு முடித்திருப்பேன். சொல்லாதபடியால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நேரே போய் நிற்கவேண்டியதாயிற்று.

சோறு வேண்டாம், கோழி வேண்டாம்

போய் நின்றோம். அதற்குப் பிறகு நடந்தவற்றை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை வலிக்கிறது.

மச்சாள் எங்களுக்காக ஒரு கோழியை உரித்திருந்தார். அகிலன் அதன் தலையைக் குசினி வாசலில் கண்டுவிட்டான். அன்றிலிருந்து அவன் இறைச்சி தொடவில்லை. மீனுக்குக் கண் இருந்தது, அதனால் மீனும் வேண்டாம். பிட்டு தொண்டையில் அடைக்கிறதாம். தயிர் சட்டியில் இருந்ததால் அது தயிரே இல்லையாம். கொண்டுவந்த பிஸ்கட்டில் உயிர் வாழ்ந்தான். மலசலகூடத்துக்குள் ஒரு தவளை இருந்தது. அது தன்னைப் பார்க்கிறது என்றான். ஒவ்வொரு முறையும் நான் முதலில் போய்த் தவளையைக் கலைத்து, கதவுக்கு வெளியே நின்று பாடவேண்டும்.

மயூரி வேறு வகை. அவளுக்கு எல்லாம் பிடித்தது. மாட்டுச் சாணத்தைக் கையால் எடுத்தாள். கன்றுக்குட்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அவளிடம் ஒரு குணம், யார் என்ன சொன்னாலும் திருத்துவாள். வீட்டில் டொச் என்கிற என் ஜெர்மன் மொழியைத் திருத்துவாள். இங்கே வந்து மச்சாளின் தமிழைத் திருத்தத் தொடங்கினாள்.

"மறுகா இல்ல மாமி, பிறகு எண்டு சொல்லவேணும்."

"சரி மனே, பிறகு," என்பார் மச்சாள்.

மச்சாளாலும் எனக்குக் கரைச்சல்தான். ஒரு பாத்திரம் கழுவ விடமாட்டார். ஒரு வாளி தண்ணீர் அள்ள விடமாட்டார். முற்றம் கூட்ட நான் தும்புத்தடியை எடுத்தால் ஓடிவந்து பறிப்பார். ஊரில் உள்ளவர்கள் எல்லாம் வந்து பிள்ளைகளைப் பார்த்துப்போவார்கள். அகிலனின் கன்னத்தைக் கிள்ளுவார்கள். அவன் அந்த இடத்தைத் துடைப்பான். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன்.

மச்சாளின் கணவர் தங்கராசா அண்ணன் மட்டும் எங்களைத் தொல்லைப்படுத்தவில்லை. அதிகம் பேசாத மனிதர். விடிய வட்டைக்குப் போவார், பொழுதுபட வருவார். அகிலன் அவர் பின்னால் போகத் தொடங்கினான். ஏன் என்று கேட்டேன்.

"மாமா ஒண்டும் கேக்கமாட்டார்," என்றான்.

ஒரு பெரிய மனிதரோடாவது ஒத்துப்போகிறானே என்று நினைத்தேன். சுவிசுக்குத் திரும்பக் குறித்திருந்த நாளைத் தள்ளிப்போடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

பரணில் ஒரு குரல்

அந்தக் காலை நான் கிணற்றடியில் மயூரிக்குத் தலை முழுக வார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. பக்கத்து வயல்காரர் ஒருவர் மச்சாளிடம் ஏதோ சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். மச்சாள் என்னிடம் வந்தார்.

"சுகந்தி, உன்ட மகன்ட கையில வோக்கி இருந்ததாமே."

எனக்கு விளங்கவில்லை. "என்ன வோக்கி?"

"வோக்கி டோக்கி. ஆமி கண்டிட்டுது. இவரக் கொண்டு போயிட்டாங்க."

அப்போதுதான் மயூரி, சவர்க்கார நுரையோடு, "என்டது கட்டிலுக்குக் கீழ இருக்கு," என்றாள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். இருந்தது. மஞ்சள் பிளாஸ்டிக், நீட்டி மடக்கும் அன்டனா. விளையாட்டுக் கடையில் சோடியாக விற்பது. அப்பா வாங்கித் தந்தாராம். அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்றாராம். ஊரில் ஒருவர் வரம்பிலும் ஒருவர் வீட்டிலும் நின்று கதைத்தால் நல்லாய் இருக்கும் என்றாராம். வோக்கி வைத்திருந்தான் என்ற சந்தேகமே ஒரு ஆளைக் காணாமல் போகச் செய்யப் போதுமாயிருந்த ஊருக்கு, அந்த ஊரில் பிறந்த மனிதன், தன் பிள்ளையின் பள்ளிப் பையில் அதை வைத்து அனுப்பியிருக்கிறார்.

பிறகு நான் சேர்த்து அறிந்தது இதுதான். அகிலன் வயலில் இருந்த காவல் பரணில் ஏறி நின்று மயூரியைக் கூப்பிட்டிருக்கிறான். இவள் வோக்கியைக் கட்டிலுக்குக் கீழே போட்டுவிட்டுக் கன்றுக்குட்டியிடம் போய்விட்டாள். பதில் இல்லை. அவன் இன்னும் சத்தமாய், திரும்பத் திரும்ப, டொச்சில் கூப்பிட்டிருக்கிறான். வரம்பால் வந்த ரோந்துக்காரர்களுக்கு உயரத்தில் ஒரு அன்டனாவும் விளங்காத ஒரு மொழியும். கீழே தங்கராசா அண்ணன் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

அகிலனைப் பக்கத்து வயல்காரர் வேலிப் படலையில் விட்டுவிட்டுப் போயிருந்தார். அவன் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்ன நடந்தது என்று கேட்டேன். பேசவில்லை. உலுக்கினேன். அப்போதும் பேசவில்லை.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். தங்கராசா அண்ணனுக்கு ஒரு தம்பி இருந்தார். பல வருடங்களுக்கு முன் விசாரணை என்று கூப்பிட்டு ஒரு முகாமுக்குப் போனவர். பிறகு அவருடைய சைக்கிள் மட்டும் வீட்டுக்கு வந்தது.

மச்சாள் அழவில்லை. சேலை மாற்றினார். கட்டிலுக்குக் கீழ் இருந்த மஞ்சள் வோக்கியை ஒரு கடைப்பையில் போட்டார்.

"பாஸ்போட் எல்லாத்தையும் எடு. புள்ளயளையும் கூட்டிக்கொண்டு வா."

"புள்ளயள் என்னத்துக்கு மச்சாள்?"

"அவங்க பாக்கட்டும், எவ்வளவு சின்னன் எண்டு."

மொழிபெயர்ப்பு

முகாம் வாசலில் வெயிலில் நின்றோம். பிறகு ஒரு தகரக் கொட்டகைக்குள் விட்டார்கள். மேசைக்குப் பின்னால் இளம் அதிகாரி ஒருவர். மேசையில் அகிலனின் வோக்கி. மச்சாள் மற்றதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

அதிகாரிக்கு ஓரளவு தமிழ் தெரிந்திருந்தது. கடவுச்சீட்டுகளை ஒவ்வொரு பக்கமாய்ப் பார்த்தார்.

"பிள்ளைங்க அப்பா எங்க?"

"சுவிசில்."

"ஏன் வரல்ல?"

"வேலை," என்றேன்.

அவர் தலையாட்டினார். நம்பினாரா தெரியாது. "இந்தப் பையன் என்ன பாஷை பேசுறது?"

சொன்னேன். "அப்ப பேசச் சொல்லுங்க. பையன் அங்க நிக்கட்டும், பாப்பா இங்க. என்ன பேசுறதுன்னு நீங்க சொல்லுங்க," என்றார் அதிகாரி.

அகிலனை வாசல் மரத்தடியில் நிறுத்தி, கையில் ஒன்றைக் கொடுத்தார்கள். மயூரியிடம் மற்றது. அகிலன் அதை வாயருகே கொண்டுபோகவே இல்லை.

"கதையடா," என்றேன்.

"அவள் முதல்ல சொறி எண்டு மன்னிப்புக் கேக்கட்டும். நான் கூப்பிட்டனான், அவள் வரேல்ல."

"நான் சொல்லமாட்டன்," என்றாள் மயூரி.

ஒரு மனிதர் உள்ளே இருக்கிறார். இவை இரண்டும் சண்டைபிடிக்கின்றன. அதட்டினேன். கெஞ்சினேன். ஐஸ்கிறீம் தருகிறேன் என்றேன், அந்த ஊரில் ஐஸ்கிறீம் எங்கே இருக்கிறது என்று தெரியாமலே. மயூரியின் கையைக் கிள்ளினேன். அவள் இன்னும் இறுக வாயை மூடிக்கொண்டாள். அதிகாரி பேனாவைத் திறந்தார், மூடினார்.

மச்சாள் மரத்தடிக்கு நடந்துபோனார். யாரும் தடுக்கவில்லை. அகிலனுக்கு முன்னால் குந்தினார்.

"மனே, மாமா உள்ளுக்கு இருக்கிறார். ஒருக்காக் கதை."

அவன் வோக்கியைத் தூக்கினான். மேசையடியில் மயூரியின் கையில் இருந்தது கரகரத்தது.

"மாமாவ எங்க வச்சிருக்கினம் எண்டு உனக்குத் தெரியுதா?" இதை அவன் டொச்சில் கேட்டான்.

மயூரி சுற்றிப் பார்த்தாள். "பின்னுக்கு இருக்கிற அறையில. கதவுக்குக் கீழால அவர்ட காலக் கண்டனான்." இதுவும் டொச்.

அதிகாரி என்னைப் பார்த்தார்.

"பசிக்குதா எண்டு கேக்கிறான்," என்றேன். "அவள் ஓம், பசிக்குது எண்டு சொல்றாள்."

மயூரி திரும்பினாள். எனக்கு அந்த முகம் தெரியும். நான் எதைப் பிழையாகச் சொன்னாலும் வரும் முகம்.

"இல்ல அம்மா," என்று தமிழில் தொடங்கினாள், "நான் அப்பிடிச் சொல்..."

மரத்தடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மச்சாள் எப்படி அவ்வளவு விரைவாக வந்தார் என்று தெரியாது. கடைப்பைக்குள் கைவிட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்து அவள் வாய்க்குள் திணித்தார். அகிலனுக்காகக் கொண்டுவந்த பிஸ்கட்.

"பசி ஐயா," என்றார் அதிகாரியிடம். "காலையில இருந்து புள்ள ஒண்டும் தின்னேல்ல."

மயூரி மென்றாள். அவளுக்கு உண்மையிலேயே பசித்திருக்கவேண்டும். இன்னொன்று கேட்டாள். மச்சாள் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அதிகாரி வோக்கிகளின் பின்மூடியைக் கழற்றினார். பற்றரிகளை வெளியே எடுத்து உருட்டிப் பார்த்தார். உள்ளே யாரையோ கூப்பிட்டுச் சிங்களத்தில் பேசினார். எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். வெயில் சாய்ந்து, மயூரி என் மடியில் நித்திரையாகி, என் கால் விறைத்துப்போன பிறகு தங்கராசா அண்ணன் வந்தார். நடந்துதான் வந்தார். கட்டியிருந்த சாரத்தில், முழங்கால் இரண்டிலும், சேறு காய்ந்து வெளிறியிருந்தது. வயலில் நின்றவர்தானே என்று நினைத்தேன்.

வோக்கிகளை அவர்கள் திருப்பித் தரவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

திரும்பும் வழியில் வரம்பில் ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். தங்கராசா அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வாய்க்கால் அடைச்சதா?"

"அடைச்சாச்சு," என்றார் மச்சாள். அது பொய் என்று எனக்குத் தெரியும். காலையிலிருந்து அவர் என்னோடுதான் இருந்தார்.

அன்று பொழுதுபட என் கணவர் அழைத்தார். நான் கத்துவதற்காக எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். மச்சாள் தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"தம்பி, நாளைக்கு இவங்கள நான் அனுப்புறன்," என்றார். "ஏன் எண்டு போனில கேக்காத. வந்து சொல்லுவா." வைத்துவிட்டார்.

வந்த நாளிலிருந்து எப்போது கிளம்புவோம் என்று இருந்தவள் நான். போ என்று சொன்னதும் எனக்கு அழுகை வந்தது. மச்சாளுக்கு என்மேல் கோபம் என்றே நினைத்தேன்.

"கோவமா மச்சாள்?"

"கோவம்தான் கா," என்றார். "ஆனா அதுக்கில்ல. அவங்க நாளைக்கும் வந்து கேப்பாங்க. புள்ளயள் இங்க இருந்தா அந்தச் சின்னவள் உண்மையச் சொல்லிப்போடுவாள்."

துறையடி

காலையில் பாதைத் துறைக்குத் தங்கராசா அண்ணனும் வந்தார். பெட்டிகளைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். துறையில் காவலுக்கு நின்ற சிப்பாய் சிறு வயதுக்காரன். பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கை காட்டியபடி எங்கள் பக்கம் வந்தான்.

நான் பெட்டிப் பூட்டின் திறப்பைத் தேடிக் கைப்பையைக் கிண்டிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல் கிடைக்கவில்லை. மயூரி, "அம்மா, முன் பொக்கற்றில," என்று திருத்திக்கொண்டிருந்தாள். அவளை வாயை மூடச் சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது அகிலனைக் கண்டேன்.

அவன் மணலில் முழங்காலில் நின்றான். இரண்டு கைகளையும் பிடரியில் கோர்த்திருந்தான். தலை குனிந்திருந்தது. யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. சிப்பாய் வருவதைக் கண்டதும் தானாகவே போய் நின்றிருக்கிறான். மிகச் சரியாக நின்றான், எங்கேயோ பார்த்துப் பழகியதைப்போல.

ஆமி பிடித்தபோது வட்டையில் என்ன நடந்தது என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. மச்சாள் சொல்லவில்லை. தங்கராசா அண்ணன் சொல்லவில்லை. அகிலனை உலுக்கியும் அவன் சொல்லவில்லை. பரணின் மேலே நின்று அவன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மயூரி அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். சிப்பாய் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். பிறகு வாவியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை.

தங்கராசா அண்ணன் சைக்கிளை மச்சாளிடம் கொடுத்துவிட்டுப் போனார். அகிலனின் விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்துக் கைகளைக் கீழே விட்டார். கக்கத்தில் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

"எழும்பு மனே. களிசான் எல்லாம் மண்."

அவன் எழுந்து நின்றான். அவர் குனிந்து அவன் முழங்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். ஒன்றைத் தட்டி முடித்துவிட்டு மற்றதையும் தட்டினார். பாதைக்காரர் ஏறச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் அவசரப்படவில்லை. மணல் முழுவதும் போகும்வரை தட்டிக்கொண்டே இருந்தார்.